அரையாண்டு லீவுக்கு தீம் பார்க் போற வீடுகளுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மொதல்லயே சொல்லிடுறேன், இது ஃபீஸ் லெட்டர் இல்ல, மீட்டிங்குக்கு கூப்பிடுற லெட்டரும் இல்ல, அதனால மடிச்சு டிவி மேல வெச்சிடாம ஒரு டீ குடிக்கிற நேரம் உக்காந்து படிச்சிடுங்க.

போன வருஷம் லீவு முடிஞ்சு வந்ததும் அஞ்சாவது பசங்கள "லீவில் நான் சென்ற இடம்"னு ஒரு பக்கம் எழுத சொன்னோம். நோட்டெல்லாம் என் டேபிளுக்கு வந்துச்சு. அதுல ஒரு புள்ள எழுதினது: "நாங்க தீம் பார்க் போனோம். காலைல 5 மணிக்கு எழுப்பிட்டாங்க. அப்பா 4 தடவ கத்தினார். அம்மா பேக் தூக்கிட்டே இருந்தாங்க. நான் 3 ரைடு போனேன். வர்ற வழில பீச்சும் பாத்தோம்னு அம்மா சொன்னாங்க, நான் தூங்கிட்டேன்." கிளாஸ் டீச்சர் 10க்கு 8 போட்டிருந்தாங்க, ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சாம். நானா இருந்தா 10 போட்டிருப்பேன்.

அந்த வீட்ட நான் குத்தம் சொல்லல. என் பசங்க சின்னவங்களா இருக்கும்போது நானே அதத்தான் பண்ணேன், வேன் வாடகை குடுத்தாச்சு, ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு காலைல வண்டலூர் ஜூ, மதியம் ஒரு வாட்டர் பார்க், சாயந்தரம் பீச், நடுவுல ஒரு சொந்தக்காரங்க வீடு வேற. பெரியவன் டிரைவர் சீட்டு பின்னாடியே வாந்தி எடுத்தான், சின்னவ செருப்ப எங்கயோ விட்டுட்டா, நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு நாள் பேசிக்கல. அந்த டூர்ல எடுத்த போட்டோல ஒருத்தர் மொகத்துலயும் சிரிப்பு கெடையாது.

இப்ப எதுக்கு இத எழுதுறேன்னா, சென்னைக்கு தெக்க திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல 2025 டிசம்பர்ல வொண்டர்லா தீம் பார்க் தொறந்ததுலேர்ந்து பசங்க வாயில வேற பேச்சே இல்ல, லன்ச் டைம்ல நாலு பேர் கூடினா அதான். நம்ம காலத்துல விஜிபி பார்க் போயி அந்த சிலை மனுஷன சிரிக்க வைக்கணும்னு கோமாளி வேலையெல்லாம் பண்ணிட்டு நின்னோமே, அந்த மாதிரி இவங்களுக்கு இது. "ஸ்கூல்லேர்ந்தே கூட்டிட்டு போங்க மேடம்"னு நெறைய பேர் கேட்டுட்டீங்க. 40 பசங்களுக்கு 2 டீச்சர்னு வேவ் பூல் ஓரத்துல நின்னு தலை எண்ணிட்டு இருக்குற தைரியம் எனக்கு இல்ல. நீங்களே கூட்டிட்டு போங்க, ஆனா ஒரே நாள்ல பார்க்கையும் ஊரையும் சேத்து கட்டாதீங்க. பார்க்குக்கு ஒரு நாள், அடுத்த நாள் வீட்ல சும்மா, அதுக்கடுத்த நாள் ஊர் சுத்தல். நடுவுல அந்த சும்மா நாள மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ், துணி காயணும், கால் வலி போகணும், பசங்க பாத்தத பத்தி வாய் ஓயாம பேசணும். அன்னிக்கு ரொம்ப போர் அடிச்சா விடியகாலைல மயிலாப்பூர் மாட வீதில ஒரு நடை, மார்கழில கோலம் பாக்க அத விட எடம் இல்ல, மதியம் பக்கத்துல கச்சேரி நடக்குற ஒரு சபா கேண்டீன்ல சாப்பாடு. கச்சேரி டிக்கெட் இல்லாமலே பல எடத்துல சாப்பிடலாம், தாத்தா பாட்டிக்கு அதுதான் தீம் பார்க்.

பார்க் நாளுக்கு வர்றேன். டிசம்பர் 25லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும் ஊரே அங்கதான் நிக்கும், 25க்கு முன்னாடியே லீவு ஆரம்பிச்சா அந்த நாளோ இல்ல புத்தாண்டு முடிஞ்சு ஒரு வார நாளோ பாத்துக்கோங்க, டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க, வார நாள்ல பல பார்க்ல ரேட்டும் கொறைவா இருக்கும். கேட் தொறக்கும்போதே உள்ள போயிட்டா பெரிய ரைடுங்கள மொத ரெண்டு மணி நேரத்துலயே முடிச்சிடலாம், கூட்டம் வர்றதுக்குள்ள. தண்ணிய மத்தியானத்துக்கு வெச்சுக்கோங்க. மார்கழி காலைல அந்த தண்ணில எறங்கினா ஒதடு நீலமாயிடும், அப்பறம் நாள் பூரா டவல சுத்திக்கிட்டு ஓரமா உக்காந்திருப்பாங்க. காட்டன் டிரெஸ், ஜீன்ஸ், பொடவையெல்லாம் பூல்ல விட மாட்டாங்க, நூல் போயி ஃபில்டர அடைக்கும், ஜீன்ஸ் பட்டன் சறுக்குல கோடு போடும், அதுக்குத்தான் நைலான் டிரெஸ் கேக்குறாங்க. பாண்டி பஜார்லயோ உங்க தெரு கடையிலயோ முன்னாடியே வாங்கிட்டா அங்க வாடகைக்கு எடுக்குற வேல மிச்சம்.

உயரம். இத கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா சண்டை எல்லாம் இங்கதான் வருது. போறதுக்கு முந்தின நாளே வீட்ல செவுத்துல நிக்க வெச்சு டேப்ல அளந்துடுங்க, பார்க் வெப்சைட்ல எந்த ரைடுக்கு எவ்ளோ உயரம்னு போட்டிருப்பாங்க, உக்கார வெச்சு பசங்க கிட்டயே காட்டிடுங்க. க்யூல முக்கா மணி நேரம் நின்னுட்டு கேட் கிட்ட போயி "உனக்கு முடியாதுப்பா"ன்னு கேக்குறது பெரியவங்களுக்கே தாங்காது. அங்க நிக்கிற பையன் கிட்ட "அரை இன்ச்சு தானே தம்பி, விடுங்க"ன்னு கெஞ்சாதீங்க. மடி மேல வந்து பூட்டுற அந்த கம்பி ஒரு அளவு ஒடம்புக்குத்தான் இறுக்கி நிக்கும், அதுக்கு சின்ன ஒடம்பா இருந்தா எடைவெளி விழுந்து நழுவ வாய்ப்பு இருக்கு, அந்த தம்பி விடாம இருக்குறது உங்க புள்ளைக்காகத்தான். உயரமா காட்டணும்னு புள்ளைக்கு அடி தடியா இருக்குற ஷூ போட்டு, தலைல பன் கொண்டை போட்டு கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா இருக்காங்க, எனக்கு தெரியும், யாருன்னு சொல்ல மாட்டேன்.

பயப்படுற புள்ளைய தள்ளி ஏத்தாதீங்க. "ஆம்பள புள்ள பயப்படலாமா"ன்னு அப்பாக்கள் சொல்றது எங்க ஸ்கூல் கேட் கிட்டயே கேக்குது. கீழ நின்னு பாத்து கைய ஆட்டுறதும் ஜாலிதான், அடுத்த வருஷம் தானா ஏறும். சாப்டவொடனே சுத்துற ரைடு வேணாம், முக்கா மணி நேரம் போகட்டும். தலை சுத்தல் ஏன் வருதுன்னா காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு ஒண்ணு சொல்லுது, கண்ணு வேற ஒண்ணு சொல்லுது, மூளைக்கு ரெண்டும் ஒத்துப்போகல, அவ்ளோதான். ஏழாவது பசங்க வந்து இத உங்களுக்கே பாடம் எடுத்தா கேட்டுக்கோங்க. இறங்கினதும் தூரத்துல அசையாம இருக்குற ஒண்ண, ஒரு மரமோ கட்டடமோ, பாத்துக்கிட்டு நின்னா சீக்கிரம் சரியாயிடும்.

சாப்பாடு பல பார்க்ல உள்ள விட மாட்டாங்க, பேக்க தொறந்து பாப்பாங்க, அதனால புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினீங்கன்னா வண்டியிலயே சாப்டுட்டு உள்ள போங்க, மிச்சத்த வண்டியிலயே விடுங்க, திரும்பி வரும்போது அந்த பசிக்கு அமிர்தமா இருக்கும். தயிர்சாதத்த மட்டும் காலைலயே முடிச்சிடுங்க. கைக்கொழந்த இருந்தா அதுக்கான சாப்பாட்ட பத்தி முன்னாடியே ஃபோன்ல கேட்டுக்கோங்க.

காலைல கெளம்பும்போது ஒவ்வொரு புள்ளையையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துடுங்க, காணோம்னு தேடும்போது "என்ன கலர் சட்ட"ன்னு கேட்டா பதட்டத்துல யாருக்கும் ஞாபகம் வராது. உங்க நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதி பாக்கெட்ல போடுங்க. ஸ்கூல் ஐடி கார்ட மாட்டி கூட்டிட்டு போகாதீங்க, பேரு, கிளாஸ் எல்லாம் ஊருக்கு தெரிய வேண்டியது இல்ல.

பெரியவங்களுக்கு பார்க் டிக்கெட் எடுத்து நாள் பூரா பெஞ்சுல உக்கார வெக்கிறத விட, கேளம்பாக்கம் கோவளம் ரோட்டுல ஈசிஆர் பக்கம் வந்து முட்டுக்காடு தட்சிணசித்ரால விட்டுடலாம். 1996லேர்ந்து இருக்கு, நம்ம ஊரு, கேரளா, ஆந்திரா, கர்நாடகா பக்கத்து பழைய வீடுங்கள பிரிச்சு எடுத்துட்டு வந்து அப்படியே திரும்ப கட்டி வெச்சிருக்காங்க, திண்ணைல உக்காந்தா எங்கம்மா எழுந்திரிக்கவே மாட்டாங்க. செவ்வாய்க்கெழம லீவு, ஞாபகம் வெச்சுக்கோங்க. வண்டலூர் ஜூவும் செவ்வாய் லீவுதான்.

ஊர் சுத்துற நாளுக்கு ரெண்டே எடம். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, மத்தியானம் வீட்டுக்கு வந்து தூக்கம். காலைல எழும்பூர் மியூசியம் போங்க, மெட்ரோல போங்க, எஸ்கலேட்டரும் சுரங்கமுமே பாதி பசங்களுக்கு டூர்தான். மியூசியம் 1851ல ஆரம்பிச்சது, வெள்ளிக்கெழம மூடியிருக்கும். மொத்தத்தையும் பாக்கணும்னு இழுத்துட்டு ஓடாதீங்க, திமிங்கல எலும்புக்கூடும் வெண்கல சிலைங்களும் பாத்தா போதும், போர்ட படிக்க சொல்லி கேள்வி கேக்காதீங்க, அந்த வேலைக்கு நாங்க இருக்கோம்.

சாயந்தரம் பறக்கும் ரயில். 1995ல பீச் ஸ்டேஷன்லேர்ந்து சேப்பாக்கம் வரைக்கும் ஓட ஆரம்பிச்சப்ப நான் புதுசா வேலைக்கு சேந்த டீச்சர், அதுல போறதுக்காகவே டிக்கெட் எடுத்து போனோம். திருவல்லிக்கேணில எறங்கி நடந்தா ஐஸ் ஹவுஸ், அதான் விவேகானந்தர் இல்லம். உள்ள போக நேரம் இருந்தா சரி, இல்லாட்டி வெளில நின்னே கதைய சொல்லுங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல அமெரிக்காவுல கொளம் ஒறைஞ்ச ஐஸ பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல மாசக்கணக்கா கொண்டாந்து இந்த வெயில் ஊருல வெச்சு வித்தாங்க, அதுக்காக 1842ல கட்டின கட்டடம் இது, 1897ல விவேகானந்தர் வந்து தங்கினது அப்பறம். எந்த ரைடும் தராத ஒரு வாய்பொளப்பு அந்த கதைக்கு கெடைக்கும், நான் டெஸ்ட் பண்ணி பாத்துட்டேன்.

எதிர்லயே மெரினா. சுண்டல், பஜ்ஜி, பட்டம், எல்லாம் உண்டு, ஆனா கணுக்காலுக்கு மேல தண்ணி வேணாம். திரும்பி போற அலை காலுக்கடில இருக்குற மண்ணையே இழுத்துட்டு போகும், இந்த மாசத்துல இன்னும் மோசம். இதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட்.

பார்க் டிக்கெட்டுக்கு இந்த வருஷம் கை கூடாத வீடுங்க இருக்கும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஊர் சுத்துற நாள மட்டும் வெச்சுக்கோங்க. சாதாரண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, அஞ்சு வயசுக்குள்ள கொழந்தைங்களுக்கும் இல்ல. இன்னொண்ணு, இந்த வருஷம் "லீவில் நான் சென்ற இடம்" கட்டுரை எந்த கிளாஸுக்கும் கெடையாது, டீச்சர்ஸ் கிட்ட சொல்லிட்டேன். எங்கயும் போகாத புள்ளைய பேனாவ வெச்சிக்கிட்டு முழிக்க விடுறது எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டு இருந்த விஷயம்.

ஸ்கூல் தொறக்குற தேதி டைரில ஒட்டியிருக்கு. தொறக்குறதுக்கு முந்தின நாள் பார்க் போகாதீங்க, போன தடவ அப்படி வந்த ரெண்டு பேர் மொத பீரியட்லயே டெஸ்க்ல சாஞ்சிட்டாங்க. அப்பறம் தயவு செஞ்சு ஸ்கூல் பேக்க பார்க்குக்கு எடுத்துட்டு போகாதீங்க, ஈர டவலோட திரும்பி வந்த ஒரு கணக்கு நோட்டு இன்னும் என் அலமாரில காஞ்சிட்டு இருக்கு, யாரோடதுன்னு தெரிஞ்சா வந்து வாங்கிக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை