அளவு சொல்லாத குரோஷாக் குறிப்புகள்

ஐயா,

பிறந்தநாள், வளைகாப்பு அலங்காரத்துக்குப் பஞ்சடைத்த குரோஷா (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) உருண்டைகளைக் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் பரவி வருகிறது. நல்ல விஷயம். ஆனால் நாளிதழ்களில் வரும் கைவேலைக் குறிப்புகளில் ஊசி அளவும் தையல் கணக்கும் பெரும்பாலும் இருப்பதில்லை. புதிதாகப் பழகுபவர்கள் நூலையும் நேரத்தையும் வீணாக்குகிறார்கள்.

சுமார் 4 செ.மீ. உருண்டைக்கு 2.5 மி.மீ. ஊசி போதும். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் தொடக்க நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைத் தையல்). அடுத்த சுற்றுகளில் 12, 18, 24. பிறகு கூட்டாமல் 4 சுற்று. குறைக்கும்போது 18, 12. இங்கேயே பஞ்சை அடைத்துவிட வேண்டும். 6 ஆன பிறகு விரல் நுழையாது, உருண்டை ஒருபக்கம் சப்பையாகிவிடும்.

பஞ்சு வெளியே தெரிகிறதா? ஊசி பெரிது, அல்லது குறைக்கும் தையலை முன்பக்க இழைகளில் மட்டும் எடுக்கவில்லை. சுற்றின் முதல் தையலில் வேறு நிற நூலைச் செருகாவிட்டால் கணக்கு தப்பும். இன்னொன்று: பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் டபுள் குரோஷே என்பது அமெரிக்க முறையின் சிங்கிள் குரோஷேதான். இது தெரியாமல் அமெரிக்க முறையின் டபுள் குரோஷேயைப் போட்டால் உருண்டை நீண்டு, ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

இலவம் பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும். பாலியஸ்டர் பஞ்சே நல்லது. உருண்டையில் முகம் வைப்பதானால், கைக்குழந்தைகள் வரும் வீட்டில் கண்ணுக்கு மணி வைக்கவே கூடாது, கறுப்பு நூலால் தையுங்கள். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகும், குத்துவிளக்குக்கு அருகில் கட்டாதீர்கள்.

இனி கைவேலைக் குறிப்பு வெளியிடும்போது ஊசி அளவு, நூல் வகை, தையல் எண்ணிக்கை மூன்றையும் கட்டாயம் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குரோஷாப் பயிற்சியாளர்கள் சிலர்