போனில் சொல்ல முடியாதது

பாம்பன்,
ஜூன் 10, 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்து, நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். காரணம் நீ கடைசி வரியில் கேட்ட அந்தக் கேள்விதான். "யாரையாவது பிடிச்சிருக்காடி? மறைக்காம சொல்லு." போனில் கேட்டிருந்தால் வேறு பேச்சுக்குத் தாவியிருப்பேன். உங்கள் வீட்டுப் போன் அண்ணன் கையில் இருப்பதால் கடிதமே எழுதுவோம் என்று நீ சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! தாளில் எழுதும்போது எனக்குப் பொய் வரவில்லை. கிழித்த நான்கிலும் பொய் இருந்தது, அதனால்தான் கிழித்தேன்.

முதலில் மற்ற செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. எனக்கு 521. உயிரியலில் 94. அம்மா அந்த எண்ணைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பி.எஃப்.எஸ்சி., நான்கு வருடம். தூத்துக்குடிக் கல்லூரியில் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இதற்கும் உண்டு. கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அம்மாவிடம் கை நீட்டாமல் படித்து முடித்துவிடலாம் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம், ரயில் மறுபடியும் வந்துவிட்டது! நீ 2023-இல் ஊரை விட்டுத் திருப்பூருக்குப் போனபோது ரயில் இல்லை, நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் தகரப் பெட்டியும் மூட்டையுமாக பஸ்ஸில் ஏறினீர்கள். சாலைப் பாலத்தின் உச்சிக்கு பஸ் ஏறி மறையும் வரை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 1914-இல் கட்டிய நம் பழைய பாலம் இரண்டு கைகளைத் தூக்குவதுபோலத் திறக்குமே, ஆட்கள் நின்று கம்பியை நெம்பி நெம்பித் திறப்பார்களே, அது இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது. எனக்கு அதைப் பார்த்தால்தான் மனசு இளகுகிறது. இரண்டு பேரும் மதகில் உட்கார்ந்து கப்பலின் பெயரைப் படிக்கப் போட்டி போட்ட நாட்கள் எல்லாம் அந்தப் பழைய பாலத்தோடுதானே இருக்கின்றன.

சரி, இனித் தள்ளிப்போட முடியாது. ஆம், பிடித்திருக்கிறது. பெயர் எழுத மாட்டேன். ஆனால் நீ கண்டுபிடித்துவிடுவாய். நம் பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படித்தவன். காலையில் சைக்கிளுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவான். அவன் வந்தால் மீன் வாடை வருகிறது என்று பிள்ளைகள் முகம் சுளிக்க, நீ ஒருநாள் எழுந்து, "உங்க வீட்டுல என்ன, மல்லிகைப்பூவா அவிச்சுத் திங்கிறீங்க?" என்று கேட்டாயே, அவன்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது அவன் அப்பாவோடு வள்ளத்தில் போகிறான்.

எப்படித் தொடங்கியது என்று யோசித்தால், ஓர் ஆவுளியாவில் போய் நிற்கிறது. போன வருடம் வடகடலில் அவர்கள் வலையில் ஓர் ஆவுளியா சிக்கிவிட்டது. பாடப் புத்தகத்தில் கடல் பசு என்று இருக்கிறதே, அது. கடலுக்கடியில் புல் மேய்கிற பிராணி, ஆனால் நம்மைப்போல மூச்சுக்குக் காற்றுதான் வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இவனும் அப்பாவும் புது வலையை அறுத்து அதை விட்டிருக்கிறார்கள். விட்டதற்குச் சாட்சியாக வனத்துறைக்குக் காட்டுவதற்கு எடுத்த வீடியோவை எங்கள் வாசலில் வைத்துக் காட்டினான். நாற்பது நொடிகூட இருக்காது. சாம்பல் நிற முதுகு ஒன்று தண்ணீரில் புரள்கிறது, மூக்கு மேலே வருகிறது, ஒரு பெருமூச்சுச் சத்தம். அவ்வளவுதான். "கன்னுக்குட்டி மாதிரி மூச்சு விட்டுச்சு" என்றான். சொல்லும்போது அவன் குரல் கம்மியது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆவுளியாவை நினைத்தேனா அவனை நினைத்தேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய் ஆவுளியாவைப் பற்றித் தேடினேன். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல் பசுக்களுக்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்களாம். அதைப் போய் அவனிடம் சொன்னேன். அவன் தாத்தா காலத்தில் ஆவுளியாக் கறிக்கு அடித்துக்கொள்வார்களாம், அதை அவன் சொன்னான். இப்படித்தான் பேச்சு வளர்ந்தது. சினிமாவில் வருவதுபோல எதுவுமே நடக்கவில்லை. ஒரு பூ இல்லை, ஒரு பரிசு இல்லை. அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கும்போது போடுகிற முக்குளிக் கண்ணாடியில் வார் அறுந்துபோனபோது சைக்கிள் டியூபை வெட்டிப் புது வார் போட்டுக் கொடுத்தான். அந்த வார்தான் இதுவரை நான் பார்த்ததிலேயே அழகான பொருள் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உனக்கு இது நடந்திருக்கிறதா என்று தெரியவில்லை. பிடித்த பிறகு மற்றதையெல்லாம் மறந்துவிடுவோம் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. அதுவரை கடல் எனக்கு வேலைக்குப் போகிற இடமாக, அம்மா காது வலியோடு திரும்பி வருகிற இடமாக இருந்தது. இப்போது அதைப் பற்றி எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. அம்மாவிடமே புதிதாகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்குகிறாரே, கீழே என்ன தெரிகிறது என்று இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை. கஞ்சிப்பாசி எங்கே வளரும், மரிக்கொழுந்துப்பாசி எந்தப் பாறையில் ஒட்டும், எல்லாம் சொல்கிறார். "வேரோட புடுங்கக் கூடாது, கிள்ளித்தான் எடுக்கணும். அப்பத்தான் மறுபடி தழையும்" என்றார். பாசிக்கு வேர் கிடையாது, பாறையைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பிடிப்புதான் உண்டு என்று எங்கள் புத்தகம் சொல்கிறது. இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. நம் தென்கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அன்றிலிருந்து அம்மா மாதிரிப் பெண்கள் தீவுப் பக்கம் போகப் பயந்து பயந்துதான் போகிறார்கள். கடலைக் காப்பாற்ற வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசும் இடத்தில், கிள்ளி எடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் வித்தியாசம் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தியாக ஆக வேண்டும் என்பதுதான் என் கனவு.

பிளஸ் ஒன் படிக்கும்போது மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல வருடம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு பெண் விஞ்ஞானி கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று எங்களுக்கு விளக்கினார். எல்லாரும் மீனைப் பார்க்க, நான் அவர் கையையே பார்த்தேன். எங்கள் அம்மா கையைப் போலவே உப்பில் வெளுத்த விரல்கள். வெளியே வரும்போது, "இதுக்கு என்ன படிக்கணும் மேடம்?" என்று கேட்டேன். அவர் என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு மீன் படிப்பா? நர்சிங்ல சேத்து விடுங்க" என்றார். தினமும் கடலில் முங்குகிற என் அம்மாவின் முன்னால் நின்றுகொண்டு அதைச் சொன்னார். எனக்கு நெஞ்சு கொதித்தது.

போன வாரம் அவன் கேட்டுவிட்டான். மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிகிறது. அப்புறம் அவன் பங்கு ஆளாக விசைப்படகில் போகப்போகிறான். அவன் சித்தப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் வீட்டில் ஒரே பயம். "போறதுக்கு முன்னாடி உன் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றான். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் தென்கடல் கலங்கிக் கிடந்தது. காற்றில் பாதி வார்த்தை அடித்துப்போகும் என்று நினைத்துத்தான் தைரியம் வந்தது. "இருக்கு. ஆனா அத வச்சு எதையும் முடிவு பண்ணிடாத. நான் நாலு வருஷம் படிக்கணும்" என்றேன். "படி. நாலு வருஷத்துல கடல் எங்கயும் போயிடாது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "படிச்சிட்டு மண்டபத்துக்கே வேலைக்கு வருவியா?" என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன். வருவேன் என்று சொல்லியிருந்தால் அவன் முகம் எவ்வளவு மலர்ந்திருக்கும்! ஆனால் நான்கு வருடம் கழித்து நான் எப்படிப்பட்டவளாக இருப்பேன் என்று இன்றைக்கு இருக்கிற நான் எப்படிச் சத்தியம் செய்வது? தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதேன். வருத்தம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு பெரிய உண்மையைச் சொல்லி, அதை ஒருவன் கோபமில்லாமல் வாங்கிக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, அந்தக் கண்ணாடி வாரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். இரவு திண்ணையில் எனக்குத் தலை சீவிக்கொண்டே, "நல்ல பையன்தான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீ தூத்துக்குடி பஸ்ல ஏறுற அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அப்புறம் சீப்பை நிறுத்திவிட்டு, "என்னைய பதினெட்டு வயசுல கட்டிக் குடுத்தாக. உனக்கு என்ன புடிக்கும்னு அதுக்கு முன்னாடி ஒருத்தரும் கேட்டதில்ல. பின்னாடியும் கேட்டதில்ல" என்றார். அது குறையாகச் சொன்னதுபோல இல்லை, கணக்குச் சொல்வதுபோல இருந்தது. நான் திரும்பி, "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு, "கடலுக்குள்ள இருக்கும்போது சத்தமே இருக்காது. அது புடிக்கும்" என்றார். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்காமலே இருந்திருக்கிறேன், பார்.

என்னைப் பற்றி மட்டுமே எழுதிவிட்டேன். நீ கேள்வி கேட்ட விதத்திலேயே தெரிகிறது, உனக்குள்ளும் ஏதோ இருக்கிறது. கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். "ஒருத்தங்க டீ வாங்கித் தந்தாங்க" என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியை அடுத்த கடிதத்தில் நான்கு பக்கமாக எழுது. நல்லதோ கெட்டதோ, நான் உன்னை ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். அவன் உன்னை எதற்காவது அவசரப்படுத்தினால் மட்டும் முதலில் எனக்குச் சொல்.

தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னாயே, அதை விட்டுவிடாதே. என் புத்தகங்கள் எல்லாவற்றையும் அட்டை போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வகுப்பில் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. ஒன்பதாவதில் நீ இல்லையென்றால் நான் அங்கேயே நின்றிருப்பேன். எனக்கு வந்த 521-ஐப் பார்க்கும்போதெல்லாம் இதில் பாதி உன்னுடையது என்றுதான் தோன்றுகிறது. நீ போகாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தூத்துக்குடிக்கு விண்ணப்பம் போட்டிருப்போம். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை, அதனால் புத்தகத்தை அனுப்புகிறேன்.

பார்சலில் அம்மா நெத்திலிக் கருவாடும் வைத்திருக்கிறார். புத்தகத்தில் வாடை ஏறாமல் மூன்று கவர் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் வந்தவுடன் பிரித்துவிடு. லீவு கிடைத்தால் வா. கோவையிலிருந்து ராமேசுவரம் வருகிற ரயில் திருப்பூர் வழியாகத்தான் வருகிறது, வாரம் ஒருமுறை. முதல்நாளே சொல்லிவிடு. பாலத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார். நானும் அம்மாவும் ராமேசுவரம் ஸ்டேஷனில் நிற்போம்.

என்றும் உன்,
பாம்பன் தோழி