ஹோப்ஸ் நிறுத்தத்தில் ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் கோவை அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்தபடி இறங்கிய வெளியூர் மாணவர் ஒருவர், "ஐயா, ஹோப் காலேஜ் எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார். "அப்படியொரு கல்லூரி இங்கே இல்லை, தம்பி" என்றதும் அவர் முகம் போன போக்கைக் கண்டுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இல்லாத அந்தக் கல்லூரி ஒரு காலத்தில் இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945-ல் தொடங்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு நன்கொடை தந்ததோடு அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றவர் ஜி.டி. நாயுடு. பின்னாளில் அதுவே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகித் தடாகம் சாலையில் இயங்குகிறது. பெயர் மட்டும் இங்கேயே தங்கி, நடத்துநர்களின் வாயில் 'ஹோப்ஸ்' என்று சுருங்கிவிட்டது.

1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாள் முதல் அவருக்கு அதே நினைப்பு. கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்து, சில ஆண்டுகளில் நானூறு ரூபாய் வரை சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றித் திரும்பப் பூட்டியே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனத்தை உருவாக்கினார். 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து அவர் செய்த மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. சவரக் கத்தி, மலிவு விலை வானொலி, 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரமுடியும் என்று அவர் சொன்ன இரண்டு பேர் அமரும் கார் (உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோயிற்று) என்று மற்றவற்றைப் பெரும்பாலோர் அறிவர்.

அதிகம் பேசப்படாதது, அந்தக் கல்லூரியை விட்டு அவர் விலகிய கதைதான். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் கைபழகினால் இரண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு அதை ஏற்கவில்லை. முதல்வர் பதவியை உதறிவிட்டார். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு, கணக்கும் இயற்பியலும் அவ்வளவு விரைவில் ஏறுமா என்ன? ஆனாலும் மோட்டாரைக் கண்ணால் காணாமலே மோட்டார் பாடத்தில் தேர்ச்சி பெறுகிற மாணவர்களைப் பணிக்கு எடுத்து, ஸ்பேனர் பிடிப்பதிலிருந்து தொடங்கும் பீளமேட்டுப் பட்டறைக்காரர்களைக் கேட்டால், நாயுடுவின் பக்கமே பேசுவார்கள்.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு நீளும் மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது, மகிழ்ச்சி. அப்பாலத்துக்குக் கீழேதான் ஹோப்ஸ் நிறுத்தம் இருக்கிறது. மேலே நாயுடு, கீழே ஹோப். இவ்விரு பெயர்களையும் இணைக்கும் ஒரு வரிகூட அங்கே என் கண்ணில் படவில்லை. ஆகவே மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ அந்த நிறுத்தத்தில் ஒரு தகவல் பலகையை, பேருந்துக்கு நிற்பவர் படிக்கும் உயரத்தில், தமிழில் வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரி தொடங்கிய ஆண்டு, நாயுடுவின் பங்கு, அவர் விலகிய காரணம் ஆகியவற்றோடு, அக்கல்லூரி இப்போது தடாகம் சாலையில் உள்ளது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்; கோப்போடு இறங்கும் அடுத்த மாணவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

இப்படிக்கு,
பீளமேடு வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.