சார்ஜர் பின் ஆடினால் மதர்போர்டையே மாற்றணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

பழைய எலக்ட்ரானிக் சாமான்களை எங்கே கொடுப்பது என்று உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் கொடுப்பதற்கு முன்னாடி அது நிஜமாகவே கெட்டுப்போச்சா என்று பார்க்கிற பேச்சே அதில் இல்லை.

என் தங்கச்சி மகள் பெருந்துறைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் லேப்டாப்பில் சார்ஜர் சொருகுகிற இடம் லூசாகி, ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போச்சுங்க, மாத்தணும்" என்று 15,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள், கூடவே இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே என்று ஒரு யோசனை வேறு. அப்புறம் ஈரோட்டில் ஒரு சின்னக் கடையில் காட்டினோம். அந்தத் தம்பி பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ஒயரோடு இருந்த பழைய ஜாக்கை, அதாவது சார்ஜர் சொருகுகிற அந்தப் பாகத்தை, உருவிப் புதுசை மாட்டினார். லேப்டாப்பின் மெயின் போர்டான மதர்போர்டில் கையே வைக்கவில்லை. கூலியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

எல்லா லேப்டாப்பிலும் இவ்வளவு சுலபம் என்று சொல்ல மாட்டேன். சிலதில் ஜாக் தனி ஒயரில் வரும், ஸ்குரூவைக் கழற்றினால் வேலை முடிந்தது. சிலதில் நேராக போர்டிலேயே சால்டரை (பற்றவைக்கிற உலோகக் கலவை) உருக்கி ஒட்டியிருக்கும், அதை எடுக்கத்தான் கைப்பழக்கம் வேண்டும். இப்போது வருகிற ஈயம் கலக்காத சால்டர் உருகவே 217 டிகிரி கிட்ட வேண்டும், போர்டுக்குள் இருக்கிற செம்புத் தகடோ வைக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சரியாக உருகும் முன் அவசரப்பட்டு இழுத்தால் ஜாக்கோடு சேர்ந்து போர்டின் செம்பும் பெயர்ந்து வந்துவிடும், அப்போதுதான் நிஜமாகவே மதர்போர்டு வேலை. விவரமானவர்கள் முதலில் கொஞ்சம் ஈயச் சால்டரைச் சேர்த்து, குறைந்த சூட்டிலேயே இளகவைத்து எடுப்பார்கள். கடையில் கொடுக்கும்போது "போர்டு ஜாக் மாத்திப் பழக்கமுண்டுங்களா" என்று கேட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை.

லூசாக இருப்பதை வளைத்துப் பிடித்தே மாசக்கணக்கில் ஓட்டுகிற பிள்ளைகள் நிறைய. அது ஆபத்து. 65 வாட் சார்ஜர் என்றால் 19.5 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் போகும். தொடுகிற இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே 5 வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன இடத்திலேயே சூடாக மாறும். பிளாஸ்டிக் கருகுகிற வாசம் வந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டியதுதான்.

ஜாக்தான் கெட்டது என்று முடிவு கட்டும் முன் சார்ஜரையும் பார்க்கணும், அதே மாடல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். டெல் மாடல்கள் பலவற்றில் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். இத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. நம்மாளுக பேட்டரிமேல் பழியைப் போட்டு அதை மாற்றிவிட்டு வந்து நிற்பார்கள்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றுதான். கிணற்று மோட்டார் புகைந்தால் காயில் கட்டி ஓட்டுகிற ஊருங்க இது, ஒரு புஷ் போனதுக்கு மோட்டாரையே தூக்கிப் போடச் சொன்னால் யாராவது கேட்பார்களா? லேப்டாப் என்றதும் மட்டும் எஸ்டிமேட் சீட்டைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறோம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் எங்கேயும் கை தேர்ந்த பையன்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்களுக்குக் கம்பெனி பாகம்தான் கிடைப்பதில்லை, வருவதெல்லாம் பேர் தெரியாத சரக்கு.

பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் கமிட்டி போட்டது, அந்த டிசம்பரிலேயே அதற்கென்று இணையதளமும் திறந்தார்கள். சரி, அது தகவல் சொல்கிற தளம், அதைப் பார்த்து யாரும் ஜாக்கை விற்க ஆரம்பிக்கப் போவதில்லை. ஐரோப்பாவில் 2026 ஏப்ரல் 28 முதல் விற்பனைக்கு வரும் லேப்டாப்புகளுக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயம் என்று விதி போட்டிருக்கிறார்கள். சார்ஜர் தொல்லை அதில் குறையும், ஆனால் 24 தொடுமுனை உள்ள டைப்-சி போர்ட்டை நேராக மதர்போர்டில் ஒட்டினால் மாற்றுவது பழைய உருண்டை ஜாக்கைவிடக் கஷ்டம். தேய்கிற பாகத்தைத் தனிக் குட்டி போர்டில் வையுங்கள் என்று அரசு விதியிலேயே எழுதலாம்.

அதுவரைக்கும் சர்வீஸ் சென்டர்கள் எஸ்டிமேட்டில் எந்த பாகம் கெட்டது, திறந்து பார்த்தார்களா, அந்த பாகம் தனியாகக் கிடைக்குமா என்று எழுதியே தரவேண்டும் என்று உத்தரவு போடச்சொல்லி உங்கள் பேப்பரில் ஒரு தலையங்கம் எழுதுங்கள். கல்லூரி திறக்கிற ஜூன் மாசத்துக்கு முன்னாடி வந்தால் நல்லதுங்க.

இப்படிக்கு,
வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்