திங்கட்கிழமை மட்டும் ஏன்?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கோபத்தோடு பேசிய வேகத்தில் நடுவே ஒரு வார்த்தை நுழைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காரில் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி படுத்துவிட்டது, மூன்றாவது வாங்கச் சொல்கிறார்கள் என்றாய். இப்போதைக்கு வாங்காதே. நீ சொன்னதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. "மற்ற நாளெல்லாம் இழுத்துப் பிடித்தாவது ஸ்டார்ட் ஆகிறது, திங்கட்கிழமைதான் செத்தே போகிறது" என்றாய். சனியும் ஞாயிறும் வண்டியை நீ தொடுவதே இல்லை, இல்லையா?

கணக்குப் போட்டுப் பார். உன் பேட்டரி 45 ஆம்பியர் மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 45 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு ராத்திரி, பத்து மணி நேரம் என்றால் அந்த 45-இல் 4 போகும். அதை பேட்டரி தாங்கிவிடும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம். அப்போது 24 போய்விடும், அதாவது பாதிக்கு மேல். நீ ஆபீஸுக்கு ஓட்டுவதும் பத்து நிமிஷம்தான், போனது முழுசாகத் திரும்பி ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறாய். இப்படி அடிக்கடி காலியானால் புது பேட்டரியும் சீக்கிரம் கெடும். ஆகவே உன் வண்டியில் பெரிய ஷார்ட் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். சின்னதாக ஏதோ ஒன்று, ஓயாமல் குடிக்கிறது.

கொஞ்சம் குடிப்பது இயல்புதான். கடிகாரம், ரிமோட் பூட்டு, அலாரம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். வண்டி ஒரு வாரம் நின்றாலும் அது பெரிதாகத் தெரியாது.

முதலில் பேட்டரி நல்லதுதானா என்று பார். அதை சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்று. சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் சின்னக் கருவி) வோல்ட் பார்த்தால் 12.6 பக்கம் காட்ட வேண்டும். பிறகு மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி விடு. (மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.) வயர் இல்லாமலே காலையில் 12.2, 12 என்று இறங்கியிருந்தால் குற்றவாளி பேட்டரிதான். உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போடு. இறங்கவில்லை என்றால் வண்டிதான் தின்கிறது.

இனி அளக்க வேண்டும். இங்கேதான் நான் முதல் தடவை கோட்டைவிட்டேன்.

நீ காலேஜில் இருந்தபோது நம் பழைய வண்டியும் இதே மாதிரி படுத்தியது. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றிய மைனஸ் வயருக்கும் நடுவே மீட்டரை இணைத்தேன். 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது! பதறிப்போய் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கினால் குறையும், திரும்பச் செருகினால் ஏறும், ஒன்றும் புரியவில்லை. பாதி நாள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. வண்டி இன்னும் தூங்கவே இல்லை. மின்சாரம் திரும்பக் கிடைத்ததுமே உள்ளிருக்கும் கன்ட்ரோல் யூனிட்கள், அதாவது வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. அவை அடங்க இருபது நிமிஷமாவது ஆகும், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட. நான் ஃப்யூஸைச் செருகும்போதெல்லாம் அவற்றைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் நீ முன்கூட்டியே தயார் செய்துகொள். ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி வை. அது வண்டிக்கு உள்ளே இருந்தால் கதவைத் திறந்தே வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திவிடு. கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்பிவிடும். சாவியைத் தள்ளிக் கொண்டுபோய் வை. மீட்டரை இணைத்துவிட்டு ஏதாவது வேலையைப் பார்க்கப் போ. மீட்டர் நடுவில் இருக்கும்போது இக்னிஷன் பக்கமே போகாதே, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். எனக்கு அதுவும் போனது.

திரும்பி வரும்போது 0.03, 0.04 என்று நின்றால் நல்லது. 0.4 என்று நின்றால் திருடன் உள்ளே இருக்கிறான். ஃப்யூஸைப் பிடுங்க வேண்டாம். அந்த அளவைக் குறித்துக்கொள். மீட்டரை எடுத்து, மைனஸ் வயரைப் பழையபடி மாட்டி, மறுபடியும் தூங்கவிடு. பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொட்டுப் பார். சுழியம் என்றால் அதன் வழியே எதுவும் ஓடவில்லை. சின்ன எண் ஏதாவது வந்தால் ஓடுகிறது. மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்து அந்த ஃப்யூஸில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று தேடு. எந்த ஃப்யூஸிலும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஆல்டர்நேட்டரின் (என்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் கருவி) டயோடில் கசிவு இருக்கலாம். அதற்கு மெக்கானிக்கிடம் போ, நீ கை வைக்க வேண்டாம்.

எனக்கு உன் டேஷ்கேம், அதுதான் சாலையைப் படம் பிடிக்கிற அந்தக் கேமரா, அதன் மேல்தான் சந்தேகம். முதல் பேட்டரி போவதற்குக் கொஞ்சம் முன்னால்தானே அதை மாட்டினாய்? வண்டி நின்ற பிறகும் மின்சாரம் வருகிற வயரில் இணைத்திருப்பார்கள். ஆனால் என் சந்தேகத்தை நம்பி அதைப் பிடுங்காதே. அந்தப் பழைய வண்டியில் ஸ்டீரியோதான் என்று அடித்துச் சொல்லி டேஷ்போர்டையே பிரித்தேன், அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். கடைசியில் டிக்கி விளக்கு. மூடினாலும் அணையவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினேன், பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவை நீயும் எடுத்துப் பார், இரண்டு நிமிஷ வேலை. முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியின் விளக்கையும் அப்படியே பார்த்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பு. அப்புறம் பேசலாம்.

அப்பா

பின்குறிப்பு: ஆம்பியர் பார்த்து முடித்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்று. அதே துளையில் விட்டுவிட்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் மீட்டர் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.