தோழர் போரிச், அந்தக் கடனைப் பற்றிப் பேசுங்கள்

சிலியின் முன்னாள் ஜனாதிபதி தோழர் கப்ரியேல் போரிச் அவர்களுக்கு,

வணக்கம். கல்விக்கடன் வாங்கிப் படித்து, ஏழு வருடச் சம்பளத்தில் பெரும்பகுதியை வங்கிக்குக் கட்டியவள் நான். அதனால்தான் 2011இல் சிலி மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது அந்தச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஜனாதிபதியின் லா மொனேடா மாளிகையைச் சுற்றி, ஆள் மாற்றி ஆள், 1,800 மணி நேரம் ஓடினார்களே, அதை மறக்கவே முடியவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில், அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்த கமிலா வயேஹோவைத் தோற்கடித்து சிலி பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்புக்குத் தலைவரானீர்கள். 2013 தேர்தலில் நீங்கள் இருவருமே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானீர்கள். 2022 மார்ச் 11 அன்று, 36 வயதில், ஜனாதிபதியானீர்கள்.

உங்களைத் துரோகி என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2019இல் மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய கொந்தளிப்பு நாடு முழுக்கப் பரவி உயிர்கள் போய்க்கொண்டிருந்தபோது, புதிய அரசியலமைப்புக்கு வழி திறக்கும் உடன்பாட்டில் நவம்பர் 15 அன்று கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் கட்சி அதில் சேரவில்லை. தனி ஆளாகப் போட்டீர்கள். அந்தக் கையெழுத்தால் கோபமடைந்தவர்கள் அடுத்த மாதம் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்த உங்கள் மேல் பீரை ஊற்றி ஏசினார்கள். நீங்கள் எழுந்து ஓடவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. அரசியல்வாதியாக நீங்கள் செய்த மிகச் சரியான காரியம் அந்தக் கையெழுத்துதான் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் 62 சதவீதம் பேர் அந்த அரசியலமைப்பு வரைவை நிராகரித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை.

நல்லதும் நடந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற மசோதாவை 2017இல் எம்.பி.யாகக் கொண்டுவந்தவர்களில் கமிலாவும் ஒருவர். 2023இல் அது சட்டமானபோது அவர் உங்கள் அமைச்சர்.

ஆனால் கல்விக்கடன்? வங்கி கொடுத்து அரசு ஜாமீன் நிற்கும் அந்தக் கடனை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கியிருக்கிறார்கள். 6 சதவீதத்தை ஒட்டியிருந்த வட்டியை 2012இல் 2 சதவீதமாக இறக்கியது உங்கள் போராட்டம். தேர்தலில் அனைவருக்கும் தள்ளுபடி என்று சொன்னீர்கள். மசோதா வந்தது 2024 அக்டோபரில், ஆட்சிக்கு வந்து இரண்டரை வருடம் கழித்து. அதிலும் முழுத் தள்ளுபடி இல்லை. உங்களுக்குப் பெரும்பான்மை இல்லை, சரி. பணத்துக்கு நம்பியிருந்த வரிச் சீர்திருத்தத்தை 2023 மார்ச்சில் கீழவை தோற்கடித்தது, அதுவும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து லட்சம் பேரிடம் முதல் வருடமே நேராகச் சொல்லியிருக்கலாம். மாதத் தவணை கட்டுகிறவளுக்கு எதிர்பார்த்துக் காத்திருப்பதும் ஒரு செலவுதான். அவள் கல்யாணத்தையும் வீட்டையும் அதைக் கணக்குப் போட்டுத்தான் தள்ளிப் போடுகிறாள்.

2025 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தீவிர வலதுசாரியான ஹோசே அந்தோனியோ காஸ்ட் 58 சதவீத வாக்குகளோடு வென்றார். உங்கள் அணியின் தோல்விக்குக் குற்றப் பயம், குடியேற்றம் என்று பல காரணங்கள் உண்டு. கடனை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பழைய மாணவர் கூட்டமைப்புக்குப் போங்கள். மேடை வேண்டாம், அவர்களோடு உட்காருங்கள். எந்த மாதம் எதைத் தள்ளி வைத்தீர்கள், யார் தடுத்தார்கள், எங்கே நீங்களே பின்வாங்கினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
கடனைக் கட்டி முடித்த ஒருத்தி