கழுத்துச் சுழி

திருவையாறு,
ஐப்பசி 18

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழை பிடித்துக்கொண்டது. குடமுருட்டியில் தண்ணீர் செம்மண் கரைசலாகப் போகிறது. சம்பா நடவு முடிந்து சில வயல்களில் களையும் எடுத்தாயிற்று. உன் நலம் அறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதலாம். ஆனால் அது எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது நீ போனை நெற்றிக்கு நேராகவே பிடித்திருந்தாய். நடுவில் ஒருமுறை அண்ணாந்து தண்ணீர் குடித்தாய். அப்போது கழுத்தைப் பார்த்துவிட்டேன். குரல்வளைக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் கறுப்புமாகக் கொப்புளம். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, வெயில்" என்றாய். அப்பாவுக்குத் தெரியாத கழுத்தா அது? என் கழுத்துதானே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தபால் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்த கைக்கு எழுதுவது ஒன்றும் சிரமமில்லை.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இதே கொப்புளம் வந்தது. மாமா குடும்பம் வந்திருந்த அன்று, அவர்கள் எதிரிலேயே நான் சொன்னேன்: "முகத்தை ஒழுங்காகக் கழுவினால் ஏன் வருகிறது? தலையணை உறையைத் துவைத்து எத்தனை மாதம் ஆச்சு?" அதற்கப்புறம் நீ ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாய். இன்னும் எரிந்தது. பிறகு தாடி விட்டாய், அதோடு விஷயம் அடங்கியது. அது அழுக்கால் வந்ததில்லை, தம்பி. எனக்கே 2019இல்தான் தெரிந்தது. அப்போது நீ தாடியோடு இருந்ததால் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இது என்ன என்று கேள். நம் வீட்டு ஆண்களுக்கு முடி தடிமன், அதோடு சுருள். தோலுக்கு உள்ளே வேர் இருக்கும் குழியே நேராக இல்லாமல் வளைந்திருக்கிறதாம். அதிலிருந்து வரும் முடியும் வளைந்துதான் வரும். அதை ஒட்டச் சிரைத்தால் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு ஊசியாகிவிடும். வெறுங்காலோடு அறுப்பு முடிந்த வயலில் நீ ஓடி, அரிதாள் குத்தி, நொண்டிக்கொண்டு வந்தாயே, அந்த மாதிரிதான். அரிதாளாவது நேராக நிற்கும். நம் முடி இரண்டு நாளில் வளைந்து திரும்பிப் பக்கத்துத் தோலுக்குள்ளேயே குத்தி இறங்கும். உள்ளே போன முடியைத் தோல் முள்ளாக நினைத்து வீங்குகிறது. அவ்வளவுதான். 2019இல் தஞ்சாவூரில் நான் பார்த்த தோல் டாக்டர் சொன்னார், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இது மிகவும் அதிகமாம், அமெரிக்க ராணுவத்தில் இதற்காகவே சவரம் செய்யாமலிருக்க அனுமதிச் சீட்டு கொடுத்துவந்தார்களாம். ராணுவமே விட்டுக்கொடுத்த விஷயத்துக்கு நான் உன்னைத் தலையணை உறைக்காகத் திட்டியிருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன், கேள். கல்யாணத்தன்று காலை சலூன்காரர் எனக்கு இரண்டு முறை போட்டார். முதலில் நேராக, பிறகு எதிர்ப்பக்கமாக. "மாப்பிள்ளை முகம் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார். இருந்தது, இரண்டு நாள். கல்யாணத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் விருந்துக்குப் போனபோது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலை போட்டார்கள். அந்த வாழைநார் கழுத்தில் உரச உரச நான் பட்ட பாடு எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அந்தப் போட்டோக்களில் நான் தலையைக் குனிந்திருப்பதைப் பார்த்து எல்லோரும் வெட்கம் என்கிறார்கள்.

அப்புறம் மூன்று பிளேடு ரேசர் வந்தது. டிவியில் பார்த்து வாங்கினேன். முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுத்து வெட்டும். அது உள்ளே வாங்குவதற்குள் அடுத்தது இன்னும் கீழே வெட்டும். நுனி தோல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். நேர் முடிக்காரனுக்கு அது சொர்க்கம். நமக்கு அது உள்ளுக்குள்ளேயே வளைந்து பக்கச் சுவரைத் துளைக்கும். நீ வைத்திருப்பது ஐந்து பிளேடு என்று நினைக்கிறேன். தூக்கிப் போடு. விலையைப் பார்க்காதே.

2004இல் சபரிமலைக்கு மாலை போட்டேன், நினைவிருக்கிறதா? 41 நாள் கத்தி படவில்லை. முதல் பத்து நாள் கழுத்து முன்பைவிட மோசம், அரிப்பு தாங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. மலை ஏறும்போது கழுத்து சுத்தமாக இருந்தது. ஐயப்பன் அருள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். திரும்பி வந்து சவரம் செய்த நாலாம் நாள் அருள் போய்விட்டது. பதினைந்து வருடம் கழித்து, ஒரு கட்டி சீழ் பிடித்துத் தஞ்சாவூர் போனபோது, அந்தத் தோல் டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். முடி கொஞ்சம் நீளமானால் அந்த நீளமே ஸ்பிரிங் மாதிரி நுனியை வெளியே இழுத்துவிடும், அதற்கு ஒரு மாதம் ஆகும், நீங்கள் தெரியாமலே வைத்தியம் செய்துகொண்டீர்கள் என்றார். அருள் இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக, தாடிதான் நல்ல வழி. அடுத்த வழி டிரிம்மர். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விட்டு வெட்டும், நுனி உள்ளே போகாது. நான் இப்போது அதில்தான் ஓட்டுகிறேன். அம்மா "மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தவர் மாதிரி இருக்கீங்க" என்கிறாள். இருக்கட்டும். ஆனால் உனக்கு இந்த இரண்டும் ஆகாது என்று எனக்குத் தெரியும். எரிவாயு ஆலையில் முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் இரண்டு நாள் முடி இருந்தாலே காற்று கசியும் என்று நீதான் சொன்னாய். அந்த அழுகின முட்டை நாற்றமுள்ள வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது என்றும் சொன்னாய். அன்றிலிருந்து அம்மா முட்டை அவிக்கும்போதெல்லாம் உன் நினைவுதான். அதனால் கொப்புளத்துக்குப் பயந்து ஒரு நாள் கூட முடியோடு முகமூடி போடாதே. விளிம்பு தாடையிலும் மோவாய்க்கு அடியிலும் எங்கே உட்காருகிறது என்று பார். அதற்குக் கீழே கழுத்தில் விட்டுவைக்க இடமிருந்தால், அங்கே டிரிம்மரோடு நிறுத்தலாமா என்று பாதுகாப்பு அதிகாரியைக் கேள். தலையோடு கவிழ்க்கிற, முகத்தில் ஒட்ட வேண்டாத வகை முகமூடியும் உண்டாம். உன் வேலைக்கு அது செல்லுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

மற்றபடி தினமும் சிரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒற்றை பிளேடு. இரண்டு பக்கமும் கூராக இருக்குமே, அந்தப் பழைய செவன் ஓ கிளாக், டோபாஸ் மாதிரி பிளேடு. அதை மாட்டுகிற உலோக ரேசர். ஜில்லெட் இந்த வகையை விற்க ஆரம்பித்த 1903ஆம் வருடம் முழுக்க விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு என்று படித்தேன். எல்லாம் நிதானமாகத்தான் சூடு பிடிக்கிறது.

நம் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சவரம் செய்துவிட்டுத்தான் குளிப்போம். அப்பாயி இருந்தவரை, சிரைத்த முகத்தோடு நடைக்கு உள்ளே கால் வைக்க முடியாது. நேராகக் கொல்லைக் கிணற்றடி. அதனால் காய்ந்த முடியில் கத்தி வைத்தே பழகிவிட்டோம். காய்ந்த தடித்த முடி கம்பி. தண்ணீர் குடித்தால்தான் இளகும். நீ குளித்துவிட்டுச் சிரை. அப்பாயி மேலே இருந்து திட்டினால் இன்னொரு சொம்பு ஊற்றிக்கொள். நேரமில்லை என்றால் வெந்நீரில் துண்டை நனைத்து மூன்று நிமிடம் கழுத்தோடு சுற்றிக்கொள். பிறகு பிரஷ்ஷால் நுரை. டப்பாவிலிருந்து பீய்ச்சுகிற நுரையைவிடக் குழாய் கிரீமைத் தண்ணீர் விட்டுக் குழைப்பது நல்லது, நேரம் எடுத்துக்கொள்வதாலேயே முடி ஊறுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நாள் முடியோடு கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் கழுத்தைத் தடவிப் பார். வழுக்கிக்கொண்டு போகிற திசைதான் முடி சாய்ந்திருக்கிற திசை. தாத்தா மாடு வாங்கப் போனால் சுழி பார்க்காமல் கயிற்றைத் தொடமாட்டார். அந்த மாதிரி பார்க்க வேண்டும். எனக்குக் கன்னத்தில் மேலிருந்து கீழே. கழுத்தில் அப்படியே தலைகீழ், காறை எலும்பிலிருந்து மேல்நோக்கி. இடது காதுக்குக் கீழே ஒரு சுழி, அங்கே பக்கவாட்டில் பின்பக்கமாகப் போகும். நீ பிறந்தபோது தலைச்சுழி எனக்கிருக்கிற இடத்திலேயே இருந்தது, கழுத்துச் சுழியும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். முப்பது வருடம் நான் கழுத்தில் மேலிருந்து கீழே இழுத்தேன். நேராகச் சிரைக்கிறேன் என்று நினைத்து எதிர்சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்!

முடி போகிற போக்கிலேயே சின்னச் சின்னதாக இழு. அழுத்தாதே, ரேசரின் எடையே போதும். தோலை இழுத்துப் பிடிக்காதே, நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து முட்டாதே. (நான் செய்வதைப் பார்த்துத்தான் நீ கற்றுக்கொண்டாய், எனக்குத் தெரியும்.) ஒரே தடவை. முகமூடிக்குப் போதவில்லை என்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே இன்னொரு தடவை. எதிர்ப்பக்கம் மட்டும் வேண்டாம். கையால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பை விட்டுவைக்கத்தான் மனசைப் பழக்க வேண்டும். பிளேடு மூன்று நாலு தடவைக்கு மேல் வேண்டாம். மழுங்கினது இழுக்கும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர். படிகாரத்தை நனைத்து லேசாக ஒற்றி, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடு. எரியும் வாசனைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

முளைத்த முடி தோலுக்கு மேல் வில் மாதிரி வளைந்து தெரிந்தால் பிடுங்காதே. பிடுங்கினால் உள்ளேயே அறுந்து மறுபடி வளைந்து வரும். எனக்கு அம்மாதான் எடுப்பாள். தாழ்வாரத்து டியூப்லைட்டுக்குக் கீழே என்னை உட்கார்த்தி, மோவாயை ஒரு கையால் நிமிர்த்தி, டெட்டாலில் போட்ட ஊசியை அந்த வளைவுக்குள் விட்டு மெதுவாகத் தூக்குவாள். நுனி டக்கென்று வெளியே வரும். கட்டியின் அளவுக்கும் அந்த முடிக்கும் சம்பந்தமே இருக்காது. சுருட்டி வைத்த கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி நீண்டுகொண்டே இருக்கும். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்பாள். வெளியே தெரியாததைத் தோண்டக் கூடாது. நீ தனியாகக் கண்ணாடி பார்த்துச் செய்யவும் வேண்டாம். ஆலை டாக்டரிடமே காட்டு. சீழ் வைத்தாலோ, தழும்பு தடித்து மேடாக வளர்ந்தாலோ வேறு எதையும் யோசிக்காமல் அவரிடம் போ.

முடி நீக்கும் கிரீம் நான் பார்த்தாயிற்று. முடியைக் கரைப்பதால் நுனி ஊசியாகாது, அது உண்மை. ஆனால் தோல் வெந்துவிட்டது. வாடையும் கிட்டத்தட்ட அதே அழுகின முட்டை. உன் அறையில் அதைத் திறந்தால் பக்கத்து அறைக்காரர் ஓட்டம் பிடிப்பார். லேசர் வைத்தியம் உண்டு, கறுப்பு முடிக்கு நன்றாகவே கேட்குமாம், பல தடவை போக வேண்டும். கழுத்துக்கு மட்டும் செய்துகொள்ள ஆசைப்பட்டால் செய், நான் குறுக்கே நிற்கவில்லை. அம்மா நிற்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு ஒரு மாத லீவு என்றாய். ஏறுகிற அன்றிலிருந்து கத்தியைத் தொடாதே. தாடியோடு வா. முதல் வாரம் அரிக்கும், பொறுத்துக்கொள். பெண் பார்க்கும் பேச்சு ஏதாவது இருந்தால் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேலத்தெருத் தம்பி வருகிற புதன்கிழமை தோஹா வருகிறான். அவனிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். உலோக ரேசர் ஒன்று, பிளேடு பத்துப் பாக்கெட், பிரஷ், படிகாரக் கட்டி. பிளேடு இருப்பதால் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும், கையில் எடுத்துப் போகிற பையில் வைத்துவிடாதே என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அடியில் அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறாள். அவசரத்தில் கையை விட்டுத் துழாவாதே, பிளேடை முதலில் எடுத்து வெளியே வை.

வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது போனைக் கொஞ்சம் கீழே பிடி.

அன்புடன்,
அப்பா